நூலக முத்திரை குத்திய எட்டுப் பக்கங்கள்

அப்பா சட்டையைக் கழற்றிவிட்டு, எங்கள் லயத்து வீட்டு வாசலில் வெயில் விழுகிற பக்கமாக முதுகைத் திருப்பி உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை. பனி விலகி, எதிர் மலையில் தேயிலைச் செடிகள் ஈரத்தோடு மினுங்கிக்கொண்டிருந்தன. நான் தேங்காய் எண்ணெய்ப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முதுகைப் பார்த்தபடி நின்றேன்.

இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே ஒரு பள்ளிக்கூடக் கொப்பி அளவுக்குத் தோல் சிவந்து, ஓரங்களில் உரிந்திருந்தது. அதற்குக் கீழே இடுப்பு வரைக்கும் ஒரு கோடாகக் கொப்புளங்கள் இறங்கியிருந்தன.

"எப்ப இருந்துப்பா இது இருக்கு?"

"எது?"

"முதுகுல."

"முதுகு பொறந்ததுல இருந்து இருக்கு. நீ எண்ணெயத் தடவு."

உள்ளே ரொட்டி தட்டிக்கொண்டிருந்த அம்மா பதில் சொன்னார். "மூணு மாசமா இருக்கு. டாங்கி ஒழுகுது. கண்டாக்கு ஐயாகிட்ட சொல்லுங்கன்னா, சொல்றேன் சொல்றேங்குறாரு."

"சொன்னேன்" என்றார் அப்பா.

"என்ன சொன்னாரு?"

"டாக்டர்கிட்டப் போகச் சொன்னாரு. போனேன். வேர்க்குருன்னு சொல்லி வெள்ளக் களிம்பு ஒண்ணு குடுத்தாரு."

எங்கள் தோட்டம் ஹட்டனிலிருந்து நல்லதண்ணி போகிற பாதையில் இருக்கிறது. அங்கே நிரந்தர வெயில் என்று ஒரு மாதமும் கிடையாது. டிசம்பர் பனியில் ஒரு மனிதனுக்கு வேர்க்குரு வந்ததாகத் தோட்டத்து மருந்துச் சாலையின் புத்தகத்தில் பதிவாகியிருந்தது. நான் அப்போது பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம். இரசாயனவியல் படிக்கச் சேர்ந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. எனக்கே அது வேர்க்குரு இல்லை என்று தெரிந்தது.

மருந்து என்கிற சொல்

அப்பா மருந்து அடிப்பவர். பதினொரு வருடமாக அதுதான் அவருக்கு வேலை. தேயிலைக்கு நடுவில் முளைக்கும் புல்லைச் சாகடிக்கும் திரவத்தை ஒரு டாங்கியில் ஊற்றி, முதுகில் மாட்டிக்கொண்டு, ஒரு கையால் பம்பை அடித்தபடி மறு கையால் தெளித்துக்கொண்டே மலை ஏறுவார்கள். ஆண்கள் போட்டி போட்டுக் கேட்கும் வேலை. காரணம், பகல் பன்னிரண்டு மணிக்கெல்லாம் முடிந்துவிடும். மிச்ச நாள் சொந்தம். அப்பா அந்த மிச்ச நாளில் லயத்துக்குப் பின்னால் கோவா என்கிற முட்டைக்கோஸும் லீக்ஸும் போட்டிருந்தார்.

எங்களிடம் காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்துதான், புல்லைக் கொல்வதும் மருந்துதான். எதைக் குடிக்க வேண்டும், எதைக் குடிக்கக் கூடாது என்பதைப் போத்தலைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். இந்த ஒற்றைச் சொல்லால் எனக்கும் கொஞ்சம் தொந்தரவு வந்தது.

எங்கள் தோட்டத்து டிவிஷனிலிருந்து விஞ்ஞான பீடத்துக்குப் போன முதல் ஆள் நான். அதனால் லயத்து முகப்பில் என் படத்தோடு பேனர் கட்டினார்கள். அச்சடித்துக் கொடுத்த ஹட்டன் கடைக்காரர், என் பெயருக்குக் கீழே 'வருங்கால இரசாயன டாக்டர்' என்று சொந்தமாகச் சேர்த்துவிட்டார். இரசாயனம் என்றால் மருந்து, மருந்து என்றால் டாக்டர். நான் பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பும் முன்பே இரண்டு பேர் மூட்டு வலிக்கு ஆலோசனை கேட்டு வந்தார்கள். ஒருவர் எக்ஸ்ரே படத்தை வாசலில் வெயிலுக்கு எதிரே பிடித்துக் காட்டினார். எனக்கு எதுவும் தெரியாது என்று சொன்னேன். தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

உண்மையில் அந்த நாட்களில் எனக்குப் பாடமே சரியாகப் புரியவில்லை. உயர்தரம் வரைக்கும் தமிழில் படித்தவள். இங்கே எல்லாம் ஆங்கிலம். ஆய்வுகூட அறிவுறுத்தல் தாளில் 'ஹேண்டில்' என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, எந்தப் போத்தலிலும் கைப்பிடியைக் காணோமே என்று ஒரு மணி நேரம் தேடியிருக்கிறேன். கையாளுவது என்பதும் அதே சொல்தான் என்று யாரும் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

கபீன் எடும்

அந்த ஞாயிற்றுக்கிழமை என் பையில் ஒரு தாள் இருந்தது. முதலாம் வருடத்துக்காரர்களுக்கு நூலகத்தைப் பழக்குவதற்காகக் கொடுத்த ஒப்படை. வீட்டில் இருக்கும் இரசாயனப் பொருள் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். பல்கலைக்கழக நூலகத்தின் வளங்களைக் கொண்டு அதன் சூத்திரம், உருகுநிலை, கரைதிறன், ஆபத்துகள் ஆகியவற்றைக் கண்டுபிடிக்க வேண்டும். அதைப் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றையாவது வாசித்திருக்க வேண்டும். இரண்டு பக்கம். அடுத்த வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளி கடைசி நாள்.

விரிவுரையாளர் ஒவ்வொருவரிடமும் ஊரைக் கேட்டார். நான் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. தேயிலைத் தோட்டமா, அப்படியென்றால் தேயிலையில் இருக்கிற கபீன் எடுங்கள், மிகவும் பொருத்தம் என்றார். கொழும்புப் பிள்ளைகளுக்கு அஸ்பிரின், சவர்க்காரம், வினாகிரி என்று பலதும் கிடைத்தன. எனக்குத் தேயிலை. நானும் தலையாட்டிவிட்டு வந்திருந்தேன்.

எண்ணெய் தடவி முடித்ததும் அப்பாவிடம் கேட்டேன்.

"அந்த மருந்து பேரு என்னாப்பா?"

"புல்லு மருந்து."

"அது இல்ல. கேன்ல என்னா போட்டிருக்கும்?"

"கேன் அந்தா கெடக்கு. நீயே பாரு."

வீட்டுப் பின்புறம் கோவாப் பாத்திக்குப் பக்கத்தில், மேற்பகுதியை வெட்டியெடுத்த மஞ்சள் கேன் ஒன்று கிடந்தது. தண்ணீர் மொண்டு ஊற்ற அப்பா கொண்டுவந்து வைத்தது. அதன் தாள் பெரும்பாலும் கிழிந்து, பெயர் இருந்த பக்கம் மழையில் போய்விட்டது. ஒரு எச்சரிக்கைப் படமும், ஓரத்தில் பொடி எழுத்தில் நடுவே இரண்டு சிறு கோடுகள் போட்ட ஒரு நீள இலக்கமும் மட்டும் மிச்சம். அதிலும் ஒரு இலக்கம் சுரண்டி அழிந்திருந்தது.

"இது என்னா நம்பரு?"

"கம்பெனிக்காரன் போன் நம்பரு" என்றார் அப்பா. "நம்ம செல்லமுத்து ஒருக்கா அடிச்சுப் பாத்தான். இந்த இலக்கம் பாவனையில இல்லன்னு ஒரு பொம்பள சொல்லுச்சாம்."

செல்லமுத்து மாமா அப்பாவோடு மருந்து அடிப்பவர். அவர் கண்ணெரிச்சலுக்கு என்ன செய்வதென்று கேட்கத்தான் அடித்திருக்கிறார்.

நான் அந்த இலக்கத்தை ஒப்படைத் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். காணாமல் போன இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். கபீனை அப்போதே விட்டுவிட்டேன்.

குடை வெளியே, பை வெளியே

நூலகத்துக்குள் அதற்கு முன் ஒரு தடவைதான் போயிருந்தேன். மழைக்கு ஒதுங்க.

வாசலில் இருந்தவர் பவானி மிஸ். யாழ்ப்பாணத்துக்காரர். உதவி நூலகர். அவர் யாரையும் திட்டிப் பார்த்ததில்லை. ஆனால் உள்ளே நுழைகிற ஒவ்வொருவரும் ஏதோ ஒரு விதியை மீறியிருப்பார்கள் என்பது அவருடைய நம்பிக்கை.

"குடை வெளியில. பையும் வெளியில. தண்ணிப் போத்தல் என்னத்துக்கு? அதுவும் வெளியில. சரி, உமக்கு என்ன வேணும்?"

"ஒரு கெமிக்கலைத் தேடணுங்க மிஸ்."

"பெயர்?"

"ரஞ்சனி."

"உம்மட பெயரைக் கேக்கேல்ல. கெமிக்கலின்ர பெயர்."

"அது தெரியாதுங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பெயர் தெரியாத ஒன்றைத் தேடி நூலகத்துக்கு வருவது விதிமீறலா இல்லையா என்று அவருக்கு உடனே தீர்மானிக்க முடியவில்லை. கணினி இருந்த பக்கம் கையைக் காட்டினார்.

கணினியில் நான் தட்டிய முதல் சொல் 'இரசாயனவியல்' என்பதன் ஆங்கிலம். ஆயிரக்கணக்கில் புத்தகங்கள் வந்து விழுந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே, யாரோ இரவல் எடுத்திருப்பதாகப் போட்டிருந்தது. இரவல் போகாமல் இருப்பதாகச் சொன்ன புத்தகங்கள் தட்டில் இல்லை. காரணம் பிறகுதான் தெரிந்தது. சிரேஷ்ட மாணவர்கள் பரீட்சை நெருங்கினால் தங்களுக்குத் தேவையான புத்தகங்களை வேறு பாடத் தட்டுகளில் ஒளித்து வைத்துவிடுவார்கள். சேதன இரசாயனத்தில் ஒரு நல்ல புத்தகம், பௌத்த தத்துவத் தட்டில் இரண்டு வருடமாகத் தவம் இருந்ததாம்.

வெளியே கொண்டுபோக முடியாத உசாத்துணை நூல்கள்தான் எனக்குக் கிடைத்தன. அவற்றில் ஒன்றை இரு கைகளாலும் தூக்கினால்தான் மேசைக்கு வரும். வெங்காயத் தோல் போலத் தாள். வரிசை வரிசையாகப் பொருட்களின் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் நடுவே இரண்டு கோடுகள் போட்ட ஒரு இலக்கம்.

ஒப்படைத் தாளைப் பின்பக்கமாகத் திருப்பி அந்தப் பக்கத்தோடு வைத்துப் பார்த்தேன். கேனில் இருந்ததும் இதே மாதிரி இலக்கம்தான்.

முன்பக்கங்களில் விளக்கம் இருந்தது. அகராதியை வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தை ஒன்றரை மணி நேரம் வாசித்தேன். உலகத்தில் அடையாளம் காணப்பட்ட ஒவ்வொரு இரசாயனப் பொருளுக்கும் ஒரு பதிவு இலக்கம் உண்டு. பெயர் மொழிக்கு மொழி மாறலாம், கம்பெனிக்குக் கம்பெனி மாறலாம், இலக்கம் மாறாது. அதன் கடைசி இலக்கம் மற்றவற்றுக்குக் காவல். அதை விட்டுவிட்டு வலப்பக்கத்திலிருந்து முதல் இலக்கத்தை ஒன்றால், அடுத்ததை இரண்டால், அதற்கடுத்ததை மூன்றால் என்று பெருக்கிக் கூட்ட வேண்டும். வருகிற தொகையின் கடைசி இலக்கம் அந்தக் காவல் இலக்கமாகவே இருக்கும். இல்லையென்றால் எங்கேயோ பிழை.

என்னிடம் தொலைந்தது ஒரே ஒரு இலக்கம். பூச்சியத்திலிருந்து ஒன்பது வரை ஒவ்வொன்றாகப் போட்டுக் கூட்டிப் பார்த்தேன். ஒன்றுதான் பொருந்தியது. ஏழு.

படிக்கப் போன இடத்தில் நானாக ஒன்றைக் கண்டுபிடித்தது அதுதான் முதல் தடவை. சத்தமாகச் சிரித்துவிட்டேன் போலிருக்கிறது. பவானி மிஸ் மேசையிலிருந்து பேனாவால் இரண்டு தட்டுத் தட்டினார்.

இதை ஒரு இதழுக்கு எழுதியபோது அந்தப் பொருளின் பெயரையும் போட்டுத்தான் அனுப்பினேன். இதழின் ஆசிரியர் தொலைபேசியில், "பெயர் வேண்டாமே" என்றார். சரி, பெயரில்லாமலே இருக்கட்டும். கேனிலும் அப்படித்தான் இருந்தது.

முத்திரை இல்லாமல் போகாது

இலக்கம் கையில் வந்தபின் எல்லாம் சுருக்காக நடந்தது. நூலகத்தின் தரவுத்தளங்களுக்கென்று இரண்டு கணினிகள் இருந்தன. ஆளுக்கு அரை மணி நேரம். இலக்கத்தைத் தட்டியதும் அந்தப் பொருளின் பாதுகாப்புத் தரவுத் தாள் வந்தது. எட்டுப் பக்கம்.

தோலில் பட்டால் எரிகாயம் உண்டாகும். தோல் வழியாக உடலுக்குள் போகும். பட்ட உடுப்பை உடனே கழற்ற வேண்டும். இன்ன வகைக் கையுறை, இன்ன வகை மேலங்கி, கண்ணுக்கு மூடி. ஒழுகும் உபகரணத்தைப் பாவிக்கவே கூடாது. தோலில் புண் இருப்பவர் இந்த வேலையைச் செய்யக் கூடாது. வெற்றுக் கேனை வேறு எதற்கும் எடுக்கக் கூடாது.

அன்று பின்னேரமே வீட்டுக்கு அழைத்து, அந்த மஞ்சள் கேனைத் தொட வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா கேனையும் தூக்கிப் போட்டு, கோவாவையும் பிடுங்கிப் போட்டார். அந்தக் கேனால் தண்ணீர் ஊற்றிய கோவாவைத்தான் இத்தனை நாளும் சாப்பிட்டு வந்திருந்தோம்.

ஆராய்ச்சிக் கட்டுரை மட்டும் கிடைக்கவில்லை. கிடைத்தது, திறக்கவில்லை. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் தோலைப் பற்றியதுதான். நான்கு வரிச் சுருக்கத்தைக் காட்டிவிட்டு, உங்கள் நிறுவனம் இந்த ஏட்டுக்குச் சந்தாதாரர் இல்லை என்று சொல்லி மூடிக்கொண்டது.

தரவுத் தாளை அச்செடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். பவானி மிஸ் கையை நீட்டினார்.

"தாரும். முத்திரை குத்த வேணும்."

"எட்டுப் பக்கத்துக்குமாங்க?"

"நூலகத்தில இருந்து ஒரு தாள் வெளியில போறதெண்டால் முத்திரை இல்லாமல் போகாது. நாளைக்குப் புத்தகத்தில இருந்து கிழிச்சது எண்டு ஆரும் சொல்லக் கூடாது."

ஊதா மையில், பல்கலைக்கழகச் சின்னத்தோடு முட்டை வடிவ முத்திரை. எட்டுப் பக்கத்திலும் குத்தினார். எட்டுப் பக்கத்திலும் திகதி போட்டு, கையொப்பமும் வைத்தார். எனக்குப் பின்னால் நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள். அவர் அவசரப்படவில்லை.

பெரட்டு முடிந்த பிறகு

அந்த வாரம் சனிக்கிழமை ஊருக்குப் போனேன். ஹட்டனில் ரயில் இறங்கி நல்லதண்ணி பஸ்ஸைப் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. சிவனொளிபாத மலைக்குப் போகிற சீசன். பஸ் முழுக்க வெள்ளை உடுத்த யாத்திரிகர்கள். தாள்களைக் கசங்கவிடாமல் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றேன். பக்கத்தில் நின்ற ஒருவர், பரீட்சைப் பெறுபேறா என்று சிங்களத்தில் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டில் இரண்டு பக்கத்துக்குத் தமிழில் எழுதி அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். கடைசி வரைக்கும் கேட்டார்.

"இத எழுதினவனுக்கு எப்புடித் தெரிஞ்சிச்சு?"

"சோதிச்சுப் பாத்திருக்காங்கப்பா."

"எரியுதுன்னா விசம்தான். அதுக்கு எட்டுப் பக்கமா?"

நான் மூன்று நாள் நூலகத்தில் உட்கார்ந்து கண்டுபிடித்த அத்தனையும் அவருக்கு முதுகு வழியாக முன்பே தெரிந்திருந்தது. ஆனாலும் அம்மா விடவில்லை. திங்கட்கிழமை காலையில் பேர் கூப்பிடும் பெரட்டு முடிந்து, ஆட்களை மலைக்குப் பிரித்து அனுப்பிய பிறகு, அப்பாவும் நானும் ஆபீசுக்குப் போனோம். எனக்கு அன்று விரிவுரை இருந்தது. போகவில்லை.

ஆபீஸ் சுவரில் அப்பாவின் படம் தொங்கிக்கொண்டிருந்தது. இது பலருக்குத் தெரியாது. தேயிலைக்குச் சான்றிதழ் கொடுக்கிற வெளியாட்கள் வருடத்துக்கு ஒரு தடவை பரிசோதனைக்கு வருவார்கள். அன்றைக்குக் காலையில் மருந்து அடிப்பவர்களுக்கெல்லாம் பூட்ஸ், கையுறை, முகமூடி, ரப்பர் மேலங்கி எல்லாம் கொடுப்பார்கள். பின்னேரம் திருப்பி வாங்கி அலுமாரியில் பூட்டிவிடுவார்கள். அப்படி ஒரு நாளில் எடுத்த படம். அப்பாவின் கண் மட்டும் தெரியும். கீழே ஆங்கிலத்தில், பாதுகாப்பே முதன்மை என்று எழுதியிருந்தது.

வேலைகளைப் பார்க்கிற கண்டாக்கு ஐயா வெளியே வந்தார்.

"என்னா ராமையா, மலைக்குப் போகலையா?"

அப்பா என் பக்கம் கையைக் காட்டினார். நான் தாள்களைக் கொடுத்தேன். அவர் முதல் பக்கத்தைப் பார்த்தார். எழுத்தை வாசிக்கவில்லை. முத்திரையைப் பார்த்தார். இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார். அங்கேயும் முத்திரை. கடைசிப் பக்கம் வரைக்கும் திருப்பிவிட்டு, "கொஞ்சம் இருங்க" என்று உள்ளே போனார்.

உள்ளே தோட்ட மனேஜரான துரையோடு சிங்களத்தில் பேசுவது கேட்டது. கம்பஸிலிருந்து ஏதோ வந்திருக்கிறது, எல்லாத் தாளிலும் சீல் அடித்துக் கையெழுத்து வைத்திருக்கிறார்கள் என்றார். பிறகு எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். எனக்கு நாற்காலி போட்டார்கள். அப்பாவுக்குப் போடவில்லை. அதனால் நானும் உட்காரவில்லை.

துரை என்னிடம் தமிழில் பேசினார். உடைந்த தமிழ்தான், ஆனால் மரியாதையாக இருந்தது.

"மிஸ், இந்தக் கெமிக்கல் பத்தி யுனிவர்சிட்டி ஏதும் செய்றதா?"

"ஆமாங்க சேர். ஒரு ரிப்போர்ட் குடுக்கணும்."

"ஆருக்கு?"

"எங்க கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்டுக்கு."

"எப்ப?"

"இந்த வெள்ளிக்கிழமைக்குள்ள."

அவர் கண்டாக்கு ஐயாவைப் பார்த்துவிட்டு மறுபடி என் பக்கம் திரும்பினார்.

"எத்தன பேர் இதில வேல செய்றது?"

"நூத்தி இருவது பேருங்க சேர். ஆளுக்கு ஒரு கெமிக்கல்."

நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. இன்றைக்கு வரைக்கும் அதைப் பற்றி எனக்கு ஒரு சிறு பெருமை உண்டு. நூற்றிப் பத்தொன்பது பேர் சவர்க்காரத்தையும் வினாகிரியையும் ஆராய்ந்துகொண்டிருப்பதை அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

துரை தாள்களை மேசையில் வைத்து, இவற்றை ஒரு பிரதி எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். எடுத்தார்கள். முத்திரை கறுப்பாக விழுந்தது. பிரதியில் அவ்வளவு கம்பீரம் இல்லை.

அலுமாரி திறந்தது

இரண்டு நாளில் பூட்டியிருந்த அலுமாரி திறந்தது. பரிசோதகர்கள் யாரும் வராத ஒரு சாதாரண புதன்கிழமையில் அத்தனை பேருக்கும் கையுறையும் மேலங்கியும் கொடுத்தார்கள். ஒழுகிய டாங்கிகளை ஒதுக்கிவிட்டுப் புதிதாக நான்கு வந்தன. மருந்து அடிப்பவர்களை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். வேர்க்குரு என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

முகமூடி போட்டால் மூச்சு முட்டுகிறது, கையுறைக்குள் கை வெந்துபோகிறது என்று ஒரு வாரத்தில் புகார் வந்தது. கண்டாக்கு ஐயா தலை மறைந்ததும் ஆட்கள் அவற்றைக் கழற்றிச் செடி மேல் மாட்டிவிட்டு அடித்தார்கள். செல்லமுத்து மாமா எங்கள் வாசலுக்கே வந்து அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

"ஒங்க மக படிச்சது எங்க மூஞ்சில வந்து தொங்குது."

ஆனால் புது டாங்கி ஒழுகவில்லை. அதை மட்டும் யாரும் குறை சொல்லவில்லை.

தோலில் புண் இருப்பவர் இந்த வேலை செய்யக் கூடாது என்று தாளில் இருந்தது அல்லவா. தோட்டம் அந்த வரியை மிகவும் நேர்மையாகப் பின்பற்றியது. அப்பாவை மருந்து அடிக்கிற வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். கவ்வாத்து வெட்டப் போட்டார்கள். தேயிலைச் செடியைக் கத்தியால் கழித்து விடுகிற வேலை. பின்னேரம் வரைக்கும் மலையிலேயே நிற்க வேண்டும். பன்னிரண்டு மணிக்கு வீடு திரும்புகிற பதினொரு வருடப் பழக்கம் போயிற்று. லீக்ஸ் பாத்தியில் புல் ஏறியது.

அப்பா மூன்று வாரம் என்னோடு தொலைபேசியில் பேசவில்லை. அம்மாவிடம் கேட்டால், மலையில் இருக்கிறார் என்பார். உண்மையிலேயே மலையில்தான் இருந்தார்.

இதற்கிடையில் என் ஒப்படைக்குப் புள்ளி வந்தது. நூற்றுக்கு நாற்பத்தெட்டு. ஆராய்ச்சிக் கட்டுரை வாசிக்கவில்லை என்று கொஞ்சம் கழித்திருந்தார்கள். அது நியாயம். ஓரத்தில் சிவப்பு மையில் இன்னொரு குறிப்பு இருந்தது. இது வீட்டில் காணப்படும் பொருள் அல்ல, தெரிவு பொருத்தமற்றது, கபீன் எடுத்திருக்கலாம்.

அப்பாவின் சட்டையை அம்மா எங்கள் உடுப்புகளோடு சேர்த்துத்தான் துவைப்பார் என்று போய்ச் சொல்லலாமா என்று யோசித்தேன். ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. விட்டுவிட்டேன்.

இரண்டு பக்கம்தானா

ஏப்ரல் விடுமுறைக்குப் போனபோது அப்பா பேசினார். முதுகு ஆறியிருந்தது. சிவப்பு போய், அந்த இடம் மட்டும் வெளிறித் தெரிந்தது. கவ்வாத்துக் கத்தி பிடித்துக் கை காய்த்திருந்தது. முன்பகல், வேலை இல்லாத நாள். வாசலில் உட்கார்ந்திருந்தவர், சட்டைப் பையிலிருந்து மடித்த தாள்களை எடுத்தார். முத்திரை குத்திய எட்டுப் பக்கமும், நான் தமிழில் எழுதிக் கொடுத்த இரண்டு பக்கமும்.

"இது எட்டு இருக்கு. நீ ரெண்டுதான் எழுதியிருக்க."

"முக்கியமானத எழுதினேம்ப்பா."

"மிச்சத்துல என்னா இருக்கு?"

ஆறாம் பக்கத்தை நான் வேண்டுமென்றே விட்டிருந்தேன். நீண்ட காலம் அதில் புழங்குகிறவர்களுக்கு என்ன ஆகும் என்பதைப் பற்றிய பக்கம் அது. ஈரல், சிறுநீரகம், புற்றுநோய், பிள்ளைப்பேறு என்று ஒரு பட்டியல். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே வாசகம்தான் திரும்பத் திரும்ப இருந்தது.

"இங்க என்னா போட்டிருக்கு?" அப்பா சரியாக அந்தப் பக்கத்திலேயே விரலை வைத்தார். ஒரே மாதிரி வரிகள் அடுக்கி இருந்ததால் அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

"தகவல் இல்லைன்னு போட்டிருக்கு."

"எல்லாத்துக்கும் அதே தானா?"

"ஆமாப்பா."

"தகவல் இல்லன்னா, ஒண்ணும் ஆகாதுன்னு அர்த்தமா?"

"இல்லப்பா. யாரும் இன்னும் பாக்கலன்னு அர்த்தம்."

அவர் தாள்களை முதல் பக்கத்துக்குத் திருப்பினார்.

"அப்ப முதுகு எரியும்னு எப்புடி எழுதினாங்க? சோதிச்சுப் பாத்தாங்கன்னு சொன்னியே, யாரச் சோதிச்சாங்க?"

"மொசல. முதுகுல முடியச் செரச்சுட்டு, மருந்தத் தடவிப் பாத்திருக்காங்க."

"எத்தன நாளு?"

"பதினாலு நாளு."

அப்பா தலையாட்டினார். தாள்களைப் பழைய மடிப்பிலேயே மடித்தார். பையில் வைக்காமல் என்னிடம் நீட்டினார்.

"பதினாலு நாளு மொசல பாத்தவங்க, பதினோரு வருசம் மனுசன பாக்கணும்னு நெனச்சாங்கன்னா சொல்லு புள்ள. நான் இங்கனதான் இருக்கேன். கூப்புட்டா வாரேன்."

கேலியாகச் சொல்கிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை. யாரிடம் போக வேண்டும் என்று நான் சொல்வதற்காகக் காத்திருந்தார்.